பதினான்காம் வரிசை, எட்டாம் இருக்கை

மூன்று வெற்றி, பதினோரு தோல்வி. அந்த மூன்றிலும் ஒன்று, ஒன்பதில் ஆறாவது இன்னிங்ஸில் மழை கொட்டி ஆட்டத்தை அதோடு முடித்துவைத்த புண்ணியத்தில் வந்தது. மோக்போ நாரைகள் என்ற பேஸ்பால் அணி இந்த வசந்தத்தில் ஒழுங்காக ஆடி ஜெயித்தது இரண்டே இரண்டு ஆட்டம்தான். பருவம் தொடங்கி முழுசாக மூன்று வாரம் ஆகவில்லை, அதற்குள் பட்டியலில் பத்தாவது இடம். இருப்பதே பத்து அணிகள்.

யோம் தால்சூவுக்கு ஐம்பத்தேழு வயது. துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் டிரைவிங் ஸ்கூலில் இருபத்திரண்டு வருடமாகப் பயிற்சியாளர். மாலை வகுப்புகளில் வண்டி ரேடியோவில் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும். "நில்லுடா! எங்கடா ஓடுற, அறிவு இருக்கா உனக்கு?" என்று அவர் கத்துவார். பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் ஆள் பதறிப்போய் பிரேக்கை மிதிப்பார். "உங்களச் சொல்லலங்க, நீங்க ஓட்டுங்க. இரண்டாவது பேஸ்லருந்து ஓடுனானே ஒரு கழுதை, அவனச் சொன்னேன்" என்று சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும். இந்த ஏப்ரலில் மட்டும் இரண்டு பேர் வேறு பயிற்சியாளர் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

தோற்பது அவருக்குப் புதிதில்லை. நாரைகளின் ரசிகனாக இருப்பவனுக்குத் தோல்வி சோறு மாதிரி, தினமும் வரும். ஆனால் இந்தத் தடவை எரிச்சல் வேறு மாதிரி. பனிக்காலத்தில் நிர்வாகம் தலைநகர் அணியான சோல் நரிகளிடமிருந்து யோ ஹியன்மோவை வாங்கிவந்தது. ஊரே திருவிழா கொண்டாடியது. நாட்டிலேயே பெரிய கை, வருடம் முப்பது பந்தை வேலிக்கு வெளியே தூக்கி ஹோம் ரன் அடிப்பவன். அந்தப் பெரிய கை இதுவரை ஐம்பத்திரண்டு தடவை மட்டையோடு வந்து ஆறு தடவை அடித்திருக்கிறது. ஆறும் ஒற்றை, முதல் பேஸோடு சரி. அடித்த பந்து உருண்டு ஓய்வதற்குள் ஓடிச் சேர்ந்தானே, அதுவே பெரிசு. தோற்ற பிறகு அவன் சூயிங்கம் மென்றபடி உள்ளே போவதைப் பார்க்கும்போது தால்சூவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். இத்தனை வருடம் கூட இருந்து, கடைசியில் இவனுக்காகவா கை தட்டினோம் என்று இருக்கும். ஏமாந்துவிட்டோம், அதுவும் காசு கொடுத்து ஏமாந்துவிட்டோம் என்று வாய்விட்டே சொல்வார்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாதது எட்டாம் இருக்கை.

முதல் பேஸ் பக்கம், பதினான்காம் வரிசை, ஏழும் எட்டும். ஒவ்வொரு வருடமும் பருவம் முழுமைக்கும் இரண்டு சீட்டு எடுப்பார். ஏழு அவருக்கு, எட்டு மகள் காவுலுக்கு. ஆறு வயதில் அவளை முதல் தடவை அங்கே உட்காரவைத்தபோது கால் தரையைத் தொடவில்லை. சோலுக்கு வேலைக்குப் போன பிறகும் மாதம் இரண்டு ஞாயிறு ரயிலேறி வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவரைவிட அசிங்கமாகத் திட்டுவாள். காவுல் என்றால் இலையுதிர் காலம். முதல் ஐந்து இடங்களில் வரும் அணிகள்தான் இலையுதிர் காலத்தில் ஆடும். நாரைகள் கடைசியாக அப்படி ஆடியது அவள் பிறந்த வருடம். அந்த சந்தோஷத்தில் வைத்த பேர் அது. இப்போது அவளுக்கு இருபத்தேழு முடிந்துவிட்டது.

இந்த வருடம் உள்ளூரில் ஆறு ஆட்டம் முடிந்துவிட்டது. ஆறுக்கும் அவள் வரவில்லை. முதல் தடவை தலைவலி, இரண்டாவது தடவை ஆபீஸ் வேலை, அப்புறம் காரணம்கூடச் சொல்லவில்லை. தால்சூ எட்டாம் இருக்கையில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னய்யா, உன் பொண்ணு கட்சி மாறிருச்சா?" என்று பதினைந்தாம் வரிசையிலிருந்து பாங் கிதோக் குனிந்து கேட்டார். கிதோக்கும் அதே டிரைவிங் ஸ்கூல்தான், பெரிய வண்டிக்குப் பயிற்சி கொடுப்பவர். தோற்றுக்கொண்டிருக்கும்போது அடுத்தவனைக் குத்தாவிட்டால் அவருக்குப் பொழுது போகாது.

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்றார் தால்சூ. "அவளுக்கு வேலை ஜாஸ்தி. இந்த வருஷம் நிரந்தரம் பண்றாங்க இல்ல?"

ஏப்ரல் இரண்டாம் வாரம் சோல் நரிகள் மோக்போவுக்கு வந்தார்கள். வெள்ளியும் சனியும் நாரைகளை நாராகக் கிழித்தார்கள். சனிக்கிழமை ராத்திரி காவுலிடமிருந்து செய்தி: "நாளைக்கு வரேன்ப்பா. மேட்சுக்கு." அதைப் பார்த்ததும் தால்சூவுக்கு அன்றைய பதினோரு ரன் தோல்வி எங்கே போனது என்றே தெரியவில்லை. மனைவியிடம் ஓடினார். அவள் கடற்பாசியில் சுருட்டும் கிம்பாப் சோற்றுக்கு அரிசியை ஊறப்போட்டபடி, "வரட்டும். வந்தா நீ கொஞ்சம் கம்மியாப் பேசு" என்று மட்டும் சொன்னாள்.

அவர் மகளுக்கு ஒரு பரிசும் தயாராக வைத்திருந்தார். அவளுடைய பழைய நாரைகள் சட்டை அலமாரியில் கிடந்தது. அதன் முதுகில் இருந்த எண் இருபத்தாறு, பேர் தோ சாங்பில்.

சாங்பிலைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. பதினோரு வருடம் நாரைகளின் கேட்சர், அடிக்கிறவனுக்குப் பின்னால் குந்தி பந்து பிடிப்பவன். பெரிதாக அடிக்கமாட்டான். ஆனால் வழிதவறி வரும் பந்தை நெஞ்சாலும் தோளாலும் தொடையாலும் மறித்து நிறுத்துவான். தோற்ற நாளிலும் வேலியோரம் வந்து, கடைசிக் குழந்தைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் பேருந்தில் ஏறுவான். அப்பாவும் மகளும் ஆளுக்கொரு இருபத்தாறு போட்டுக்கொண்டுதான் பதினோரு வருடமும் வந்தார்கள்.

ஆனால் ஹியன்மோவை வாங்கியதற்கு விதிப்படி ஒரு விலை உண்டு. ஆளை இழந்த அணி, வாங்கிய அணியிலிருந்து ஒருவனை எடுத்துக்கொள்ளலாம். வாங்கியவர்கள் இருபது பேரைக் காப்பாற்றி ஒரு பட்டியல் கொடுப்பார்கள். அதில் பேர் இல்லாதவர்களில் யாரை வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். நிர்வாகம் கொடுத்த பட்டியலில் முப்பத்தைந்து வயது சாங்பில் இல்லை. நரிகள் யோசிக்கவே இல்லை, அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அந்தப் பனிக்காலத்தில் மோக்போவில் பல் முளைத்தவனெல்லாம் நிர்வாகம் பட்டியல் கொடுப்பதற்கு முன்னாலேயே தன் இருபது பேரை எழுதிப் பார்த்தான். மீன் ஏலம் விடுகிறவர்கூட ஒரு பட்டியல் வைத்திருந்தார். தால்சூவும் ஒரு மதிய இடைவேளையில், பயிற்சித் தாளின் பின்பக்கத்தில் ஒன்று எழுதினார். பிற்பாடு நிர்வாகத்தின் பட்டியல் கசிந்தபோது அவர் எழுதியதில் பதினெட்டுப் பேர் அப்படியே பொருந்தியது. ஒரு மாதம் அதைச் சொல்லியே எல்லோர் காதையும் புண்ணாக்கினார். கிதோக்குடையது பதிமூன்றுதான் பொருந்தியது. "உனக்கு ஆட்டம் தெரியாது, அழுகைதான் தெரியும்" என்று அவரைக் கிண்டல் வேறு.

சாங்பில் போனதில் தால்சூவுக்கு வருத்தம்தான். ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் தேற்றிக்கொண்டார். கடைக்குப் போய்த் தன் சட்டையிலிருந்து பழைய எழுத்தை உரிக்கச் சொல்லி, ஒன்பது, ஹியன்மோ என்று புதிதாக ஒட்டவைத்தார். போன வாரம் மகளின் சட்டைக்கும் அதையே செய்தார். உரித்த இடத்தில் பழைய எழுத்தின் தடம் கொஞ்சம் தெரிந்தது. இரண்டு சலவையில் போய்விடும் என்றான் கடைக்காரன்.

ஞாயிறு மதியம் ஒரு மணிக்கே தால்சூ போய் ஏழிலும் எட்டிலும் மெத்தைத் துண்டு விரித்தார். ஏப்ரலிலும் அந்த இருக்கைகள் சில்லிடும். கிம்பாப் டப்பாவும் மகளின் சட்டையும் பையில் இருந்தன. ஒன்றரைக்கு அவளிடமிருந்து "வந்துட்டேன்" என்று செய்தி. ஒன்றே முக்கால். ஒன்று ஐம்பது. ஆள் வரவில்லை.

"கழிவறைல கூட்டமா இருக்கும்யா" என்றார் கிதோக், வழக்கத்துக்கு மாறாக நல்லவிதமாக.

ஆட்டத்துக்கு முன்னால் பெரிய திரையில் ரசிகர்களைக் காட்டுவது வழக்கம். கேமரா மேலே வந்தால் எல்லோரும் முதுகைத் திருப்பி, இரண்டு கட்டைவிரலாலும் சட்டையில் இருக்கும் பேரைக் காட்டுவார்கள். கேமரா மூன்றாம் பேஸ் பக்கம், எதிரணிக் கூட்டத்துக்குள் போனது. ஒரு பெண் முதுகைத் திருப்பினாள். நரிகளின் ஆரஞ்சுச் சட்டை. இருபத்தாறு, தோ சாங்பில். முதல் பேஸ் பக்கம் "ஓ" என்று ஒரு முனகல் எழுந்தது. அவள் திரும்பிச் சிரித்தாள். முப்பது அடி உயரத்துக்கு, ஊர் பார்க்க, யோம் காவுல்.

தால்சூவின் முகத்தில் ஈயாடவில்லை.

நிர்வாகம் ஏமாற்றினால் திட்டலாம், ஹியன்மோ ஏமாற்றினால் இன்னும் நன்றாகத் திட்டலாம். பெற்ற பெண் எதிரியின் சட்டையைப் போட்டுக்கொண்டு எதிரியின் பக்கத்தில் நின்று சிரித்தால் என்ன செய்வது? இருபத்தோரு வருடம் பக்கத்தில் உட்காரவைத்து வளர்த்தது இதற்குத்தானா? தால்சூ பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். மெத்தைத் துண்டுகளை எடுக்கத் தோன்றவில்லை. தேசியகீதம் முடிந்து முதல் பந்து போட்டபோது அவர் கோழிக்கடை வரிசையையும் பீர் வரிசையையும் இடித்துக்கொண்டு அரங்கைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்.

மூன்றாம் பேஸ் பக்கம் நுழைந்ததும் ஆரவாரம்.

"ஐயா, வழி தவறிட்டீங்களா?"

"இல்லப்பா, இன்னிக்காவது ஜெயிக்கிற பக்கம் உக்காரலாம்னு வந்திருக்கார். வழி விடுங்க."

"முதுகப் பாருடா! ஹியன்மோ! ஓடிப்போனவன் பேர ஒட்டிக்கிட்டு நம்ம பக்கமே வர்றார்!"

காவுல் அவரைப் பார்த்துவிட்டாள். எழுந்து ஓடவில்லை, முகத்தையும் மறைக்கவில்லை. பக்கத்தில் காலியாக இருந்த இடத்திலிருந்து தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தால்சூ உட்கார்ந்தார்.

"என்னடி இது?" என்றார். "ஊர் பூரா பாத்துச்சு. கிதோக் பாத்தான். நாளைக்கு நான் எப்படி ஸ்கூலுக்குப் போவேன்?"

"நடந்துதான்" என்றாள் காவுல். அவள் சிரிக்கவில்லை.

"அங்க உன் சீட்டு காலியாக் கெடக்கு. வா, எந்திரி. இந்தக் கருமத்தக் கழட்டு. உனக்குன்னு கொண்டுவந்திருக்கேன் பாரு." பையிலிருந்து நாரைகள் சட்டையை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

அவள் அதை விரித்தாள். முன்பக்கத்தைப் பார்த்தபோது முகம் கொஞ்சம் இளகியது. பிறகு திருப்பினாள். ஒன்பது, ஹியன்மோ. அதற்கு அடியில் மங்கலாக இருபத்தாறு. அந்தத் தடத்தின்மேல் விரலால் ஒரு தடவை தடவிவிட்டு, சட்டையை மடித்துத் திரும்ப அவரிடமே கொடுத்துவிட்டாள்.

"என்னைக் கேக்காம உரிச்சிட்டீங்களா?"

"அவன்தான் போயிட்டானேடி!"

"அவரா போனார்? அனுப்புனாங்க."

"நானா அனுப்பினேன்? அந்த நிர்வாகம் கெட்ட நிர்வாகம். நான்தான் தினமும் திட்டுறேனே. அவங்க பண்ணதுக்கு நீ என்ன இப்படிப் பழிவாங்குற?"

காவுல் கைப்பேசியை எடுத்து, வீட்டுக் குழுவின் பழைய செய்திகளுக்குள் மேலே மேலே போனாள். டிசம்பரில் நின்றாள். அவர் முன்னால் நீட்டினாள். பயிற்சித் தாளின் பின்பக்கம், அவருடைய கையெழுத்து, ஒன்றிலிருந்து இருபது. பெருமையாகப் படம் எடுத்து அவரே போட்டது. அதற்குக் கீழே அவள் கேட்டிருந்தாள்: "26 எங்கப்பா?" அவருடைய பதில்: "அந்தக் கிழட்டுப் பயல எவன் எடுப்பான்? கதவத் திறந்து போட்டாலும் திருடன் சீந்தமாட்டான். ஹா ஹா ஹா."

தால்சூ அதைப் படித்தார். சுற்றிலும் கூட்டம் பாடிக்கொண்டிருந்தது. நாரைகளின் முதல் இன்னிங்ஸ் மூன்றே நிமிடத்தில் முடிந்தது. கடைசியாக அவுட் ஆனது ஹியன்மோ. வழக்கமாக இந்த இடத்தில் அவர் எழுந்து கத்தியிருப்பார்.

"அது... சும்மா விளையாட்டுக்கு எழுதினதுடி. எல்லாரும்தான் எழுதினாங்க."

"கிதோக் மாமா லிஸ்ட்ல இருபத்தாறு இருந்துச்சு. முதல் பேரே அதான். நீங்கதான் அதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சீங்க."

"கேளு, அது கணக்கும்மா. சின்னப் பசங்களக் காப்பாத்தணும். வயசானவனுக்கு ஏன் ஒரு இடத்த வீணாக்கணும்னு..." சொல்லச் சொல்ல அது நிர்வாகத்தின் பேச்சு மாதிரியே இருப்பது அவருக்கே கேட்டது.

"அன்னைக்கு என்ன தேதி பாத்தீங்களா?" என்றாள் காவுல். "டிசம்பர் பத்தொன்பது. அன்னைக்குக் காலைல எங்க ஆபீஸ்லயும் ஒரு லிஸ்ட் ஒட்டுனாங்க. நிரந்தரம் ஆனவங்க லிஸ்ட். ரெண்டு வருஷம் ஒப்பந்தத்துல மாடா உழைச்சேன்ப்பா. என் பேரு இல்ல. உங்ககிட்ட சொல்லலாம்னுதான் குழுவத் திறந்தேன். நீங்க அதப் போட்டிருந்தீங்க. சரி, பேச்சு கொடுப்போம்னு இருபத்தாறு எங்கன்னு கேட்டேன். எவன் எடுப்பான்னு சிரிச்சீங்க. மூடி வச்சுட்டேன்."

தால்சூ அவள் பக்கம் திரும்பினார். "அப்ப இப்ப உனக்கு வேலை..."

"ஒரு சின்னக் கம்பெனில மார்ச்சுல எடுத்தாங்க. அம்மாவுக்குத் தெரியும்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"பின்ன?"

நாலு மாதம். நாலு மாதமாக ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, மனைவியும் சொல்லவில்லை. கிதோக்கிடம் அவர் போன வாரம்கூட "நிரந்தரம் பண்றாங்க" என்று பெருமையடித்திருக்கிறார். அவருக்குக் கோபம் வந்தது. யார்மேல் வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியாத கோபம். எல்லோரும் சேர்ந்து தன்னை முட்டாளாக்கிவிட்டார்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்த வாயெடுத்தபோது அந்தத் தாளின் படம்தான் கண் முன்னால் நின்றது. அழகான கையெழுத்து. அந்த இருபது பேரை அவரை யாரும் எழுதச் சொல்லவில்லை.

"அப்புறம் இவர அங்க போய்ப் பாக்க ஆரம்பிச்சேன்" என்றாள் காவுல், களத்தைப் பார்த்தபடி. "சோல்ல. மார்ச்லருந்து எல்லா மேட்சும். அதே மாதிரிதான் பந்த நெஞ்சால நிறுத்துறார். அதப் பாத்தா எனக்குக் கொஞ்சம் நல்லா இருந்துச்சு. அவ்வளவுதான்ப்பா. உங்களப் பழிவாங்க ஒண்ணும் இல்ல."

இரண்டாவது இன்னிங்ஸ். ஒலிபெருக்கியில் ஏழாவது ஆட்டக்காரன் பேர் அறிவித்தார்கள். தோ சாங்பில். நரிகளுக்குப் போன பிறகு அவன் மோக்போவில் மட்டையோடு வருவது இதுதான் முதல் தடவை. வெள்ளி, சனி இரண்டு நாளும் அவனை உட்காரவைத்திருந்தார்கள்.

சாங்பில் மட்டையைத் தரையில் வைத்தான். தலைக்கவசத்தைக் கழற்றினான். முதல் பேஸ் பக்கம் திரும்பி, இடுப்பு வரை வளைந்து குனிந்தான். பதினோரு வருடம் தனக்குக் கத்தின கூட்டத்துக்கு ஒரு ஆட்டக்காரன் முதல் தடவை திரும்பி வரும்போது செய்கிற வணக்கம். அவன் அவசரப்படவில்லை. நடுவரும் அவசரப்படுத்தாமல், ஹோம் பிளேட்டைத் துடைக்கிற சாக்கில் தூரிகையோடு நேரம் கடத்தினார்.

முதல் பேஸ் பக்கம் மொத்தமும் எழுந்தது. அவனுடைய பழைய பாட்டை யாரோ தொடங்க, ஆயிரம் பேர் சேர்ந்துகொண்டார்கள். பதினைந்தாம் வரிசையில் கிதோக் தெரிந்தார். தொப்பியைக் கழற்றி ஆட்டிக்கொண்டிருந்தார். அந்த வழுக்கை எங்கே இருந்தாலும் தெரியும். அவருக்கு முன்னால் கூட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. இரண்டு இருக்கை அளவுக்கு, மெத்தைத் துண்டு விரித்தபடி.

"எந்திரிங்கப்பா" என்றாள் காவுல். அவள் கண்ணில் தண்ணீர். "உங்க பக்கம் பாத்துத்தான் கும்பிடறார்."

"நான் அங்க இல்லையேடி" என்றார் தால்சூ.

ஆனாலும் எழுந்தார். எழுந்து கை தட்டினார். அவர் நின்ற இடத்திலிருந்து சாங்பிலின் முதுகுதான் தெரிந்தது. வலதுகை ஆட்டக்காரன், மூன்றாம் பேஸ் பக்கத்திலிருந்து பார்ப்பவனுக்கு அவன் மட்டை பிடித்து நிற்கும்போதும் முதுகுதான் தெரியும். பதினோரு வருடம் அந்த முகத்தையே பார்த்துப் பழகியவருக்கு அந்த முதுகை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. உள்ளங்கை எரிகிற வரைக்கும் தட்டினார்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஐயா, கொஞ்சம் உக்காருங்க. எங்க ஆளத்தான் பாக்க வந்தோம், ஹியன்மோ மறைக்கிறான்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சாங்பில் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு மட்டையை எடுத்துவிட்டான். தால்சூ முதுகை இருக்கையோடு ஒட்டி, பேர் தெரியாதபடி உட்கார்ந்தார்.